சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்து வாங்குங்கள்



நம் வானகரத்துக்கு அருகிலுள்ள அம்பத்தூர், 1949இல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தால் பெயர்பெற்ற ஊர். ஹெர்குலிஸும் பி.எஸ்.ஏ.வும் அந்நிறுவனத்தின் வண்டிகளே. இருந்தும் நம்மில் பலர் பிள்ளைகளுக்கு மிதிவண்டி வாங்கும்போது நிறத்தையும் விலையையும் மட்டுமே பார்க்கிறோம்.

தானியக் குவியலுக்குள் கையை நுழைத்து, உள்ளே மறைந்திருந்த ஈரத்தைக் கண்டறிந்து வணிகரைக் கண்டித்தார்கள் நபி (ஸல்) அவர்கள். மேற்பரப்பை மட்டும் நம்பலாகாது என்பதும் அதில் நமக்குள்ள படிப்பினை. குறையுள்ள பொருளைத் திருப்பித் தரும் உரிமையை மார்க்கச் சட்டம் வழங்குகிறது. ஆயினும், பிரேக்கின் குறையைப் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் லாரிகளுக்கிடையே அறிந்தால் அவ்வுரிமையால் என்ன பயன்?

ஆகவே கடையிலேயே சோதியுங்கள். சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றுங்கள். விளிம்பு கோணலாக ஆடக் கூடாது. முன் பிரேக்கை அழுத்தித் தள்ளுங்கள்; சக்கரம் உருளக் கூடாது. பெடல் தண்டை அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருக்கக் கூடாது. 26 அங்குல டயர் என்றால் விளிம்பளவு 559 மி.மீ.யா, 590 மி.மீ.யா என்று கேளுங்கள். இரண்டையும் 26 அங்குலம் என்றே விற்பர். ஒன்றின் டயர் மற்றொன்றுக்குப் பொருந்தாது.

“வளரும் பிள்ளைதானே” என்று பெரிய வண்டி வாங்குவது சிக்கனமன்று. இருக்கையில் அமர்ந்தபடி கால்விரல்கள் தரையில் ஊன்றாவிட்டால், அவசரத்தில் பிள்ளை விழும்.

விற்கும் சகோதரர்களே, வாங்குபவர் கேட்குமுன் குறையைச் சொல்லிவிடுங்கள். பரக்கத் அதில்தான் உள்ளது.