காது விற்கும் கடை

மேலப்பாளையத்தில் ஒரு தாய் பீடி சுற்றிச் சேர்த்த பணம், மகனுடைய ஐ.இ.எல்.டி.எஸ். பரீட்சைக்குப் போகிறது. கேட்பதில் 40 கேள்விகள். ஒலிப்பதிவு ஒரே தடவைதான் ஒலிக்கும். வாசிப்பதிலும் 40, நேரம் 60 நிமிஷம்.

இதற்குக் 'குறுக்கு வழி' விற்கும் கனவான்களைக் கேட்கிறேன்: 12 வருஷம் மனப்பாடம் மட்டுமே பழகிய பிள்ளைக்கு ஆறே வாரத்தில் காது முளைத்துவிடுமா? செவ்வாய்ச் சந்தையில் ஆட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்து வாங்குகிற ஊர் ஐயா இது! பயிற்சிச் சாலையின் பல்லை மட்டும் ஏன் பார்ப்பதில்லை?

தினமும் அரை மணி நேரம் பி.பி.சி. செய்தி கேட்கட்டும், இரண்டு பக்கம் நிதானமாகப் படிக்கட்டும். காசு செலவில்லை. அதனால்தான் எந்தக் கடைக்காரரும் அதைச் சொல்வதில்லை. மதிப்பெண் சீட்டுக்கு ஆயுள் இரண்டே வருஷம். பழகிய காது சாகும்வரை கூட வரும்.