ஜெயித்தும் ஏமாற்றினார்கள்! இரட்டைக் கோப்பை வாங்கிய கல்லூரி அணி கவிழ்ந்தது எப்படி?

அமெரிக்காவில் கல்லூரி கூடைப்பந்து ஆட்டக்காரர்கள் 3 பேருக்கு 2025 செப்டம்பரில் நிரந்தரத் தடை விழுந்தது. கலிபோர்னியாவில் உள்ள 2 கல்லூரிகளில் ஆடியவர்கள் இவர்கள். தங்களுடைய அல்லது ஒருவர் மற்றவருடைய ஆட்டத்தின் மீது பந்தயம் வைத்தார்கள், அதற்கு ஏற்றபடி ஆட்டத்தைக் கோட்டை விட்டதும் நடந்தது என்று விசாரணையில் முடிவானது.

இது புதுசா? இல்லை. 1951-லேயே இதே வியாதி ஒரு பெரிய அணியைச் சாய்த்தது.

ஏழைகளின் அணி

நியூயார்க் சிட்டி காலேஜ் மாநகரத்தின் வரிப்பணத்தில் நடந்தது. அப்போது அங்கே படிப்புக்குக் கட்டணம் கிடையாது. ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு அதுதான் கதி. அணியில் கறுப்பு இளைஞர்களும் யூத இளைஞர்களும் தோளோடு தோள் சேர்ந்து ஆடினார்கள். பயிற்சியாளர் நாட் ஹோல்மன்.

1950 மார்ச்சில் இந்த அணி நாட்டின் 2 பெரிய கோப்பைகளையும் தட்டிக்கொண்டு போனது. வழியில் கென்டக்கி அணியை 89-50 என்று துவைத்து எடுத்தது. 2 இறுதி ஆட்டத்திலும் தோற்றது பிராட்லி அணி. முதலில் 69-61, அடுத்து 71-68. ஒரே வருஷத்தில் இரண்டையும் வென்ற அணி இன்று வரை வேறு இல்லை.

ரெயிலில் வந்தவர்கள் கைது

1951 ஜனவரியில் மன்ஹாட்டன் கல்லூரி ஆட்டக்காரர் ஜூனியஸ் கெல்லாக்கிடம் ஒரு பேரம் வந்தது. சரியாக ஆடாமல் இருந்தால் 1,000 டாலர்! அவர் மசியவில்லை. நேரே பயிற்சியாளரிடம் போய்ச் சொல்லிவிட்டார். விஷயம் போலீசுக்குப் போனது.

அடுத்த மாதமே சிட்டி காலேஜ் மாட்டிக்கொண்டது. பிலடெல்பியாவில் ஜெயித்துவிட்டு ரெயிலில் திரும்பிய அணியில் 3 பேர் கைது. பிறகு இன்னும் பலர். பிளாய்ட் லேன் என்ற ஆட்டக்காரரின் அறையில், பூந்தொட்டிக்குள் ஏறத்தாழ 3 ஆயிரம் டாலர் சிக்கியது. பணம் கொடுத்தவர் நகை வியாபாரி சால்வடோர் சொலாசோ.

சூட்சுமம் என்ன?

தோற்கச் சொல்லவில்லை. அதுதான் தந்திரம்! இந்த அணி 10 பாயிண்ட் வித்தியாசத்தில் ஜெயிக்கும் என்று பந்தயம் ஓடும். 5 பாயிண்டில் ஜெயித்தால் போதும். அணிக்கும் வெற்றி, சூதாடிக்கும் லாபம். நண்பர்களுக்குத் துரோகம் செய்யவில்லை என்று பையன்கள் தங்களையே சமாதானப்படுத்திக்கொள்ளலாம்.

தோண்டத் தோண்ட வந்தது. 1947 முதல் 1950 வரை 86 ஆட்டங்கள், 7 கல்லூரிகள், 32 ஆட்டக்காரர்கள். சொலாசோவுக்கு 8 முதல் 16 வருஷம் ஜெயில். ஆட்டக்காரர்களில் சிலருக்கும் ஜெயில். என்.பி.ஏ. என்ற தொழில்முறை ஆட்டத்தின் கதவு அவர்களுக்கு அடைபட்டது.

செய்தது தப்பு. சந்தேகமில்லை. ஆனால் ஆட்டம் நடந்த மாடிசன் ஸ்கொயர் கார்டனில் கூட்டம் நிரம்பி வழிந்தது. டிக்கெட் பணம் அரங்குக்கும் கல்லூரிக்கும் போனது. வேர்வை சிந்தியவனுக்குச் சம்பளம் இல்லை. அந்த ஓட்டை வழியாகத்தான் சூதாடி உள்ளே நுழைந்தான்.

இப்போது அடைபட்டதா?

2018-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு, விளையாட்டுப் பந்தயத்தை மாநிலங்கள் அனுமதிக்கலாம் என்று தீர்ப்பளித்தது. 2025 ஜூலை முதல் கல்லூரிகளே ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். முதல் வருஷத்துக்கு, எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து ஒரு கல்லூரிக்கு உச்சவரம்பு 2 கோடியே 5 லட்சம் டாலர். ஆனால் அவ்வளவு கொடுக்கப் பணக்காரக் கல்லூரிக்குத்தான் முடியும். சின்னக் கல்லூரிப் பையன் கைக்குச் சில்லறைதான்.

இன்னொரு ஆபத்தும் வந்திருக்கிறது. அன்று பாயிண்ட் வித்தியாசத்தைக் குறைக்க ஒரே அணியில் சில பேராவது கூட்டுச் சேர வேண்டும். இன்று, 'இந்த ஆட்டக்காரர் எத்தனை பாயிண்ட் எடுப்பார்?' என்று ஒருவர் மீதே பந்தயம் கட்டலாம். கெடுக்க ஒருத்தன் போதும். கால் வலி என்று வெளியே உட்கார்ந்தால் காரியம் முடிந்தது. இதனால்தான் ஒகாயோ, மேரிலாந்து, லூசியானா மாநிலங்கள் 2024-ல் கல்லூரி ஆட்டக்காரர் மீதான தனிநபர் பந்தயத்துக்குத் தடை போட்டன. மற்ற மாநிலங்களும் அதையே செய்வதுதான் நல்லது.

தண்டனை பெற்ற பிளாய்ட் லேனை 1974-ல் சிட்டி காலேஜே பயிற்சியாளராகக் கூப்பிட்டது. 14 வருஷம் பணி செய்தார். தப்பு செய்த பையனைக் கல்லூரி மன்னித்தது. ஆனால் அடுத்த பையன் அதே வலையில் விழாமல் தடுப்பது சட்டத்தின் கையில்தான் இருக்கிறது.