பயிற்சிக்கு வரும் மாணவருக்கும் உதவித்தொகை வேண்டும்



கோடைக்காலப் பயிற்சியில் மாணவர்களின் உழைப்புக்கு மதிப்பில்லை என்று உங்கள் இதழில் வந்த கட்டுரை கூறியது முற்றிலும் உண்மை. பி.காம். மாணவியான நான், இந்த விடுமுறையில் ஆடிட்டர் அலுவலகம் ஒன்றில் பயிற்சி பெற்றேன். ராஜபாளையம் அருகே உள்ள சத்திரப்பட்டியின் பேண்டேஜ் துணி உற்பத்தியாளர்களின் கொள்முதல் பில்களை விற்றவர்கள் தாக்கல் செய்ததைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-2பி பட்டியலோடு ஒத்துப்பார்ப்பது என் வேலை. நூல் விற்றவர் கணக்குத் தாக்கல் செய்யாவிட்டால், வாங்கியவருக்கு உள்ளீட்டு வரி வரவு கிடைக்காது. பாடத்தில் படித்ததுதான்; ஆனாலும் வரி கட்டிய பில்லைக் கையில் பிடித்தபடி ஒரு தறிக்காரர் எதிரே வந்து நின்றபோதே அதன் கனம் புரிந்தது.

கற்றுக்கொண்டது நிறைய. ஆனால் பஸ் செலவுக்குக்கூடப் பணம் தரவில்லை. அய்யனார் கோவில் பக்கம் தோப்பு வேலைக்குப் போகும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இப்படி உதவித்தொகை இல்லாத பயிற்சி எப்படிக் கட்டுப்படியாகும்? என்னோடு சேர்ந்த தோழி பாதியிலேயே நின்றுவிட்டாள்.

சி.ஏ. படிப்பின் ஆர்ட்டிகிள்ஷிப் என்னும் பயிற்சியில் இருப்போருக்குக் குறைந்தபட்ச உதவித்தொகையை விதியே நிர்ணயிக்கிறது. 2024-இல் மாதம் ரூ.5,000 உதவியுடன் தொடங்கிய பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டமோ தொடக்கத்தில் முழுநேர மாணவர்களைச் சேர்க்கவில்லை. சிற்றூர் அலுவலகங்களில் பயிற்சி பெறுவோருக்குப் பயணப்படியும் மதிய உணவுச் செலவும் கிடைக்க, 'நான் முதல்வன்' திறன் பயிற்சித் திட்டத்தில் தமிழக அரசு வழி செய்ய வேண்டும். கல்லூரிகளும் பயிற்சிக்கான பரிந்துரைக் கடிதத்திலேயே இதை வலியுறுத்தலாம்.

- வணிகவியல் மாணவி,
அய்யனார் கோவில் பகுதி, ராஜபாளையம்