பெட்டியில் இருக்கும் எண்ணை மட்டும் நம்பலாமா?

சில மாதங்களுக்கு முன் புதிய கம்ப்யூட்டர் ஒன்றை அசெம்பிள் செய்து வாங்கினேன். டிடிஆர்5 வகை ராம் மெமரி. அதன் பெட்டியில் 6000 மெகா ஹெர்ட்ஸ் என்று பெரிதாக அச்சிட்டிருந்தார்கள். வீட்டிற்கு வந்து சிபியு-இசட் என்ற இலவச புரோகிராமை இயக்கிப் பார்த்தால், மெமரியின் வேகம் ஏறத்தாழ 3000 என்று காட்டியது. ஏமாந்துவிட்டோம் என்று கோபத்துடன் கடைக்குப் போனேன். கடைக்காரர் சிரித்தார். "சார், கிளாக் 3000 தான். ஒரு துடிப்புக்கு இரண்டு தடவை டேட்டா போகும். அதனால்தான் 6000" என்றார்.

அவர் சொன்னது சரிதான். ஆனால் அந்த "இரண்டு தடவை"க்குள் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குபவர்களுக்கு அதை யாரும் சொல்வதில்லை.

கம்ப்யூட்டரின் சிப்கள் கிளாக் சிக்னலின் தாளத்திற்கு ஏற்ப வேலை செய்கின்றன. இந்த சிக்னல் மேலே ஏறும், சற்று நிற்கும், கீழே இறங்கும், சற்று நிற்கும். இது ஒரு துடிப்பு. பழைய பிசி133 மெமரியில் சிக்னல் ஏறும்போது மட்டும் டேட்டா சென்றது. 2000ஆம் ஆண்டில் வெளியான டிடிஆர் தர விதி, ஏறும்போதும் இறங்கும்போதும் டேட்டாவை அனுப்பியது. கிளாக் அதே 133 மெகா ஹெர்ட்ஸ். பெயர் மட்டும் டிடிஆர்266.

இங்குதான் ட்யூட்டி சைக்கிள் வருகிறது. ஒரு துடிப்பில் சிக்னல் எத்தனை சதவீத நேரம் மேலே இருக்கிறது என்பதே அது. பள்ளியில் "லெப்ட், ரைட்" சொல்லி அணிவகுப்பு நடத்துவதை நினைத்துப் பாருங்கள். லெப்ட்டுக்கு நீண்ட நேரமும் ரைட்டுக்குக் குறைந்த நேரமும் கொடுத்தால், மொத்த வேகம் மாறாது. ஆனால் வரிசை குலைந்துவிடும். அதனால்தான் மேலே 50, கீழே 50 என்ற சமம் தேவைப்படுகிறது.

கணக்கைப் பாருங்கள். டிடிஆர்400 மெமரியில் அரைத் துடிப்புக்கு 2.5 நானோ நொடி கிடைத்தது. டிடிஆர்5 6000ல் கிடைப்பது 167 பிகோ நொடி, அதாவது பதினைந்தில் ஒரு பங்கு. இதில் 55க்கு 45 என்று சமம் குலைந்தால், சிறிய பாதிக்கு 150 பிகோ நொடிதான் மிஞ்சும். அந்தப் பாதியில் உங்கள் மெமரி 6600க்கும் மேலான வேகத்தில் ஓட வேண்டியிருக்கும்! அதனால்தான் முதல் டிடிஆர் தர விதி 45 முதல் 55 சதவீதம் வரை அனுமதித்தது. டிடிஆர்4 வந்தபோது அது 48 முதல் 52 ஆகச் சுருங்கியது.

சமம் ஏன் குலைகிறது? சிக்னலை மேலே இழுக்கும் ட்ரான்சிஸ்டரும் கீழே இழுக்கும் ட்ரான்சிஸ்டரும் ஒரே வலு கொண்டவை அல்ல. சூடும் மின்னழுத்தமும் மாறினால் வித்தியாசமும் மாறும். இதைத் திருத்த சிப்புக்குள்ளேயே சர்க்யூட் வைக்கிறார்கள். சிக்னலின் சராசரி மின்னழுத்தம் சரிபாதியாக இருக்கிறதா என்று அது பார்க்கும். கூடினால் குறைக்கும், குறைந்தால் கூட்டும். டிடிஆர்5ல் மெமரி சிப்பிலேயே ட்யூட்டி சைக்கிளைச் சரிசெய்யும் வசதி தரப்பட்டுள்ளது.

"இது இன்ஜினியர்களின் கவலை, நமக்கென்ன?" என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். பிறகு என் கம்ப்யூட்டர் அடிக்கடி ஹேங் ஆனது. ஜிப் பைல்கள் திறக்க மறுத்தன. விண்டோஸ் மீது சந்தேகப்பட்டு இரண்டு முறை பார்மட் செய்தேன். பலனில்லை. கடைசியில் பயாஸில் எக்ஸ்போ என்ற வேக அமைப்பை நீக்கினேன். மெமரி 4800க்கு இறங்கியது. அன்றோடு தொல்லை ஒழிந்தது.

அரைத் துடிப்பின் சமத்தை வீட்டில் அளக்க வழியில்லை. ஆனால் வேகம் கூடக் கூட, சிறு பிசகைத் தாங்கும் இடைவெளி குறைகிறது என்பது உறுதி. எக்ஸ்போ, எக்ஸ்எம்பி போன்ற அமைப்புகள் மெமரியை அதன் வழக்கமான வேகத்திற்கு மேல் ஓட்டுபவை. எல்லா மதர்போர்டும் ப்ராசசரும் அதற்கு ஈடுகொடுக்கும் என்று சொல்ல முடியாது.

எனவே என் கருத்து இதுதான். பெட்டியில் மெகா ஹெர்ட்ஸ் என்று போடுவதை நிறுவனங்கள் நிறுத்த வேண்டும். நொடிக்கு 6000 மெகா டிரான்ஸ்பர் என்பதே நேர்மையான பெயர். எக்ஸ்போ இல்லாமல் என்ன வேகம் கிடைக்கும் என்பதையும் பக்கத்திலேயே அச்சிட வேண்டும்.

நீங்களும் ஒன்று செய்யுங்கள். வேக அமைப்பை இயக்கியவுடன், ஸ்டார்ட் மெனுவில் விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் என்ற சோதனையைத் தேடி இயக்கிப் பாருங்கள். பிழை காட்டினாலோ, அடிக்கடி ஹேங் ஆனாலோ, பார்மட் செய்வதற்கு முன் மெமரி வேகத்தை ஒரு படி குறைத்துப் பாருங்கள். கெட்டுப்போன போட்டோவைத் திரும்பப் பெறுவது கடினம். வேகத்தை எப்போது வேண்டுமானாலும் கூட்டிக்கொள்ளலாம்.