ஆறு விற்பனைக்கு இல்லை

ஜண்டா பாய்க் பக்கம் போனால் 'ஆற்றோர நிலம் விற்பனைக்கு' என்ற பலகைகள் எனக்கு எரிச்சலூட்டுகின்றன. 1920ஆம் ஆண்டு நீர்ச் சட்டப்படி பகாங்கின் ஆறுகள் சுல்தானுக்குரியவை. அப்ப, காசு கொடுத்து வாங்குறது எதை? ஆற்றுக்குப் போகும் வழியை. வேலி போட்டதும் தூண்டிலோடு வரும் கம்பத்துப் பையன் அத்துமீறியவனாகிவிடுகிறான். மாதத்தில் இரண்டு நாள் தங்குகிறவருக்கு அது 'என் ஆறு'. 2021 டிசம்பரில் பெந்தோங்கை வெள்ளம் புரட்டியபோது, ஆறு யாரிடமும் கிராண்ட் கேட்கவில்லை.

தோட்டத்தை விட்டு விரட்டப்பட்ட கதையை நாம் இன்னும் எழுதுகிறோம். நம்ம ஆளுங்களே கோலாலம்பூர்லேர்ந்து போய் இன்னொருத்தன் வழியை அடைச்சா, அதை யார் எழுதுறது? வீடு வாங்குங்க. வழியை விட்டுட்டு வாங்குங்க.