ஊறுகாய்ப் போத்தலும் 100 மில்லிலிட்டரும்

விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையில் இனி காலணியைக் கழற்ற வேண்டியதில்லை என்று 2025 ஜூலையில் அமெரிக்க அரசு அறிவித்தது. நம் நாட்டு நாளிதழ்களில் அது ஒரு சின்னச் செய்தி. ஆனால் அதன் கதை நீளமானது. 2001 டிசம்பரில் பாரிசிலிருந்து மயாமிக்குப் பறந்த விமானத்தில் ரிச்சர்ட் ரீட் என்பவன், காலணிக்குள் மறைத்து வைத்திருந்த வெடிபொருளுக்குத் தீ மூட்டப் பார்த்தான். பணியாளர்களும் சக பயணிகளும் அவனை மடக்கிப் பிடித்துவிட்டார்கள். அந்த ஒருவன் செய்த காரியத்துக்காக, 2006 முதல் அந்த நாட்டில் கோடிக்கணக்கானோர் வெறும் காலுறையோடு வரிசையில் நகர்ந்தார்கள். விதி போக ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பிடித்தன.

சோதனை எல்லாருக்கும் சமம் என்கிறார்கள். விதி சமம்தான். அதனால் வரும் இழப்பு சமமாக விழுவதில்லை என்பதுதான் என் கருத்து. மாதம் இருமுறை பறக்கும் அதிகாரிக்கு மடிக்கணினியை எப்போது வெளியே எடுப்பது, இடைவாரை எங்கே கழற்றுவது என்பதெல்லாம் மனப்பாடம். பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை பறப்பவர்தான் மாட்டிக்கொள்கிறார்.

என் பாட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஜித்ரா பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. தமிழ் நாளிதழை வரி விடாமல் படிப்பார், மலாய் பேசுவார், படிக்கச் சிரமப்படுவார், ஆங்கிலம் தெரியாது. திருச்சியில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போக, கெப்பாலா பத்தாஸில் உள்ள சுல்தான் அப்துல் ஹலிம் விமான நிலையத்தில் உள்நாட்டு விமானம் ஏறினார். கைப்பையில் அவரே போட்ட மாங்காய் ஊறுகாய், ஒரு பெரிய போத்தல். பெரிய பெட்டியில் வைத்தால் உடைந்துவிடும் என்று கையிலேயே வைத்துக்கொண்டார். ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். பிற்பகலில் வேறொரு நிலையத்தில், அனைத்துலகப் புறப்பாட்டுச் சோதனையில் அதே போத்தலை நிறுத்தினார்கள். "தா போலே, மக்சிக்" என்று அந்த அதிகாரி மரியாதையாகத்தான் சொன்னாராம். போத்தல் குப்பைத்தொட்டிக்குப் போனது. பாட்டி இன்றுவரை கேட்கும் கேள்வி: "காலையில வுட்டவங்க மத்தியானம் ஏன் வுடல?"

பதில் எளிது. நம் நாட்டில் 100 மில்லிலிட்டர் கட்டுப்பாடு அனைத்துலகப் பயணங்களுக்கானது. உள்நாட்டுப் பயணத்துக்கு இல்லை. ஆனால் அதைப் பாட்டிக்கு முன்கூட்டியே யார் சொன்னார்கள்? பயண முகவர் தந்த தாளின் பின்பக்கத்தில், சிறிய எழுத்தில், ஆங்கிலத்தில் இருந்தது.

இந்த விதி 2006 ஆகஸ்டு 10-ஆம் தேதிக்குப் பிறகு பிறந்தது. பானப் போத்தல்களில் திரவ வெடிபொருளை நிரப்பி, லண்டனிலிருந்து அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் செல்லும் விமானங்களைத் தகர்க்கப் போட்ட சதியை அன்று பிரிட்டிஷ் காவல்துறை அம்பலப்படுத்தியது. சோதனைக் கருவியின் எக்ஸ்ரே திரையில் உலோகம் நீலமாகவும், உணவு, துணி, பிளாஸ்டிக் போன்ற கரிமப் பொருள்கள் ஆரஞ்சு நிறத்திலும் தெரியும். ஹைட்ரஜன் பெராக்சைடு கலவையையும் சாதாரண பானத்தையும் பழைய கருவிகளால் நம்பகமாகப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஆகவே அளவைக் குறைத்தார்கள். ஒவ்வொரு கலனும் 100 மில்லிலிட்டருக்கு மிகாமல், எல்லாம் சேர்ந்து ஒரு லிட்டர் பைக்குள் அடங்க வேண்டும். கணக்கில் எடுப்பது கலனின் கொள்ளளவை. உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பதை அல்ல. பெரிய போத்தலின் அடியில் இரண்டு கரண்டி ஊறுகாய் இருந்தாலும் போகாது. களி, கூழ், பசை போன்றவையும் திரவமாகவே கொள்ளப்படும். சம்பால், பற்பசை, நெய் எல்லாம் இதில் அடக்கம்.

மருத்துவமனை சி.டி. ஸ்கேன் போல முப்பரிமாணப் படம் காட்டும் புதிய கருவிகள் இப்போது வந்துவிட்டன. அவற்றைப் பொருத்திய ஸ்காட்லாந்தின் எடின்பரோ விமான நிலையம் 2025-இல் 2 லிட்டர்வரை அனுமதிக்கத் தொடங்கியது. அங்கே பாட்டியின் போத்தல் தலைநிமிர்ந்து போயிருக்கும்! ஆக, இன்று நம்மைத் தடுப்பது ஊறுகாயின் ஆபத்து அல்ல, கருவியின் வயது.

சோதனையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தமிழர்கள் அப்படிச் சொல்லவும் முடியாது. 1984 ஆகஸ்டு 2-ஆம் தேதி இரவு சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்தில் குண்டு வெடித்துச் சுமார் 30 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் இலங்கையர். கொழும்பு விமானத்துக்கென்று பதிந்த பெட்டிகளில் குண்டு இருந்தது. பதிந்த ஆள் விமானம் ஏறவில்லை. அடுத்த ஆண்டு, 1985 ஜூன் 23-இல், கனடாவிலிருந்து வந்த ஏர் இந்தியாவின் 'கனிஷ்கா' விமானம் அயர்லாந்துக் கடலோரத்துக்கு அப்பால் வெடித்துச் சிதறியது. 329 உயிர்கள் போயின. அங்கும் உரியவர் ஏறாமல் பெட்டி மட்டும் பயணம் செய்திருந்தது. பயணி வரவில்லையென்றால் அவருடைய பெட்டியை இறக்கிவிட வேண்டும் என்ற நடைமுறை அதன் பிறகுதான் உலகெங்கும் இறுகியது. இந்த விதியால் என் விமானம் ஒரு மணி நேரம் தாமதமானாலும் நான் முணுமுணுக்க மாட்டேன்.

அதே சமயம், கைப்பையைக் கிளறுவது மட்டுமே பாதுகாப்பு என்று நினைப்பதும் தவறு. 2014 மார்ச் 8-இல் காணாமற்போன எம்.எச். 370 விமானத்தில் இருவர் திருட்டுக் கடப்பிதழ்களில் ஏறியிருந்தார்கள். அவர்களுக்கும் விமானம் மறைந்ததற்கும் தொடர்பு இருப்பதாகத் தெரியவில்லை. ஆனால் அந்தக் கடப்பிதழ்கள் திருடு போனவை என்ற விவரம் இன்டர்போல் தரவுத்தளத்தில் இருந்தும் யாரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை என்பது நமக்குத் தலைகுனிவானது. 2017 பிப்ரவரி 13-இல் கிம் ஜோங் நாம் முகத்தில் வி.எக்ஸ். நச்சு பூசப்பட்ட இடம், கே.எல்.ஐ.ஏ. 2 புறப்பாட்டு மண்டபம். எக்ஸ்ரே கருவிக்கு இந்தப் பக்கம், எவரும் நடமாடும் இடம் அது.

விதியை வளைக்க முடியாது என்பதும் உண்மையல்ல. இருமுடி கட்டும் ஐயப்ப பக்தர்களுக்கு இந்திய விமானங்களில் தேங்காய்ச் சிக்கல் உண்டு. கொப்பரையில் எண்ணெய் அதிகம். தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடிய சரக்காக அதை வகைப்படுத்தியிருக்கிறார்கள். அதனால் தேங்காயைக் கைப்பையில் கொண்டுபோக அங்கே தடை. நெய்த் தேங்காயைப் பெட்டியில் போட்டு அனுப்ப எந்தச் சாமிக்கு மனம் வரும்? 2024 அக்டோபரில் இந்திய அரசு அந்தப் பருவத்துக்கு மட்டும், 2025 ஜனவரி 20 வரை, இருமுடித் தேங்காயைக் கையில் எடுத்துச் செல்ல அனுமதித்தது. எக்ஸ்ரே, வெடிபொருள் தடயச் சோதனை, கையால் பார்க்கும் சோதனை மூன்றும் உண்டு. விமானம் எதுவும் விழவில்லை. கோலாலம்பூரில் ஏறும் நம் சாமிகளுக்கு அந்தச் சலுகை பொருந்தாது. இங்கே நம் நாட்டு விதிதான். சலுகைக்கு முடிவுத் தேதி குறித்தவர்கள் தடைகளுக்கும் ஒரு மறுபரிசீலனைத் தேதி குறித்தால் என்ன?

இளையவர்களுக்கும் இப்போது ஒரு விதி வந்திருக்கிறது. 2025 ஜனவரியில் தென்கொரியாவின் பூசானில், புறப்படவிருந்த ஏர் பூசான் விமானம் தீப்பற்றியது. பவர் பேங்க்தான் காரணமாக இருக்கும் என்று சந்தேகித்தார்கள். ஏப்ரல் 1 முதல் மலேசியா ஏர்லைன்ஸ் விமானங்களில் அதைப் பயன்படுத்தத் தடை. கைப்பையில் வைத்திருக்கலாம், பெட்டியில் போடக்கூடாது. ஊறுகாய் கீழே, பவர் பேங்க் மேலே! 100 வாட்-மணிவரை தனி அனுமதி தேவையில்லை. கணக்கு இயற்பியல் பாடம்தான்: 20,000 எம்.ஏ.எச். என்றால் 20 ஆம்பியர்-மணி, 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 74.

இதையெல்லாம் நாம் இயங்கலையில் இரண்டு நிமிடத்தில் தேடிவிடுவோம். தமிழ் மட்டும் படிக்கும் ஒரு தலைமுறையால் முடியாது. தமிழகத்துக்கும் பினாங்குக்கும் கோலாலம்பூருக்கும் இடையே பறக்கும் விமானங்களை நிரப்புவதில் அவர்களுக்குப் பெரிய பங்குண்டு. சீட்டு விற்கும் நிறுவனங்கள் அரைப் பக்கத் தமிழ்த் தாள் ஒன்றை அச்சிட என்ன செலவாகிவிடும்? போத்தலுக்கும் தேங்காய்க்கும் பவர் பேங்க்குக்கும் படம் போட்டு, எது மேலே, எது கீழே என்று காட்டினால் போதும். அந்தத் தாள் சோதனை வரிசையில் அல்ல, பெட்டி கட்டும் முன்பே, வீட்டில் கையில் இருக்க வேண்டும். அதுவரை சீட்டோடு வரும் ஆங்கில விதிகளைப் படித்து, தாத்தா பாட்டிக்கு வாட்ஸ்அப்பில் தமிழ்க் குரல்பதிவாக அனுப்பும் வேலை வீட்டில் படிக்கும் பிள்ளைகளுடையதுதான்.