பாறு கழுகும் மாட்டு ஊசியும்

நீலகிரி மாவட்டத்து மாயாற்றுப் பள்ளத்தாக்கில் பாறு கழுகுகள் இன்னும் கூடு கட்டி வருகின்றன. ஆண்டுக்கு ஒரே முட்டை இடும் பறவை இது. 1990-களில் தொடங்கி, நம் நாட்டில் வெண்முதுகுப் பாறு நூற்றுக்கு 99-க்கு மேல் அழிந்து போயிற்று. வேட்டைக்காரர்கள் காரணமல்ல. மாட்டின் வலிக்கும் வீக்கத்துக்கும் போட்ட டைக்ளோஃபினாக் ஊசிதான் காரணம். ஊசி போட்ட ஓரிரு நாளில் மாடு இறந்து, அதைக் கழுகு தின்றால் சிறுநீரகம் கெட்டுச் சாகும்.

2006-ல் கால்நடைகளுக்கு இம்மருந்து தடை செய்யப்பட்டது. ஆயினும் மனிதருக்கான பெரிய குப்பிகள் மாட்டுத் தொழுவத்துக்கு வந்தன. 2015-ல் குப்பியை 3 மில்லியாகக் குறைத்தார்கள். 2023-ல் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் ஆகியவையும் தடையாயின.

விவசாயியை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல. உழவு மாடு துடிக்கும்போது கைக்குக் கிடைத்த மருந்தைத்தான் அவர் போடச் சொல்வார். கழுகுக்குத் தீங்கில்லாத மெலாக்சிகாம் இருக்கிறது. காட்டோரக் கால்நடை மருந்தகங்களில் அது எந்நாளும் இருப்பில் இருக்க வேண்டும். சீட்டில்லாமல் ஊசி மருந்து விற்கும் கடைகளையும் கண்காணிக்க வேண்டும். மாடு வைத்திருப்போர் ஊசி போடுமுன் மருந்தின் பெயரைக் கேட்கலாம், அதற்குச் செலவில்லை. புலிக்கென்று செத்த மாட்டில் விஷம் தடவுவது இன்னொரு கொடுமை. அதைத் தின்ன முதலில் இறங்குவது பெரும்பாலும் கழுகுதான்.